மூச்சு வாங்காமல் திட்டும் வேகம்

ஞாயிறு காலைகளில் மலேசியாவின் ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் சைக்கிள் மிதிக்கும் கூட்டத்தில் பெண் நான் ஒருத்திதான். கூட்டத்தை நடத்துபவன் வங்கி அதிகாரி, என்னைவிட வயதில் சின்னவன். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதை நாகரிகமாக மறைத்து எழுத எனக்கு விருப்பமும் இல்லை.

காரணம் ஒரு மேடு. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்தின் நடுவே ஏறும் சாலை அது. உச்சியில் சாலையோரமாக ஓர் ஒட்டுக்கடை. முதலில் ஏறியவர்கள் அங்கே தே என்கிற பால் தேநீர் குடித்து, ரொட்டி சானாய் தின்று, சட்டை காயும்வரை உட்கார்ந்திருப்பார்கள். கடைசியாக நான் போய் ஒரு காலைத் தரையில் ஊன்றியதும் அவன் எழுந்துவிடுவான்.

“அக்கா வந்தாச்சு, போலாம்லா.”

மற்றவர்களும் எழுவார்கள். அதிகம் களைத்தவளுக்குத்தான் ஓய்வே கிடையாது. ஒருமுறை கேட்டேன். வெயில் ஏறுவதற்குள் திரும்பணும், எல்லாருக்கும் ஒரே ரூல்தான் என்றான். அந்தக் கடையில் ஒரு நாளாவது நாற்காலி போட்டு உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வேலை முடிந்த மாலைகளில் தனியாகப் போய் அதே மேட்டை ஏறினேன். கோளாறு அடிவாரத்திலேயே இருந்தது. அவர்களோடு சேர்ந்து பாய்ந்து புறப்பட்டு, பாதியில் நாக்குத் தள்ளி, மிச்சத்தை ஊர்ந்து கடந்துகொண்டிருந்தேன். இப்போது லேசான கியரில் தொடங்கி, அவனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே மிதித்தேன். ஒரு முழு வசனம் மூச்சு வாங்காமல் திட்ட முடிந்தால் வேகம் சரி. நடுவில் அறுந்தால் குறைக்க வேண்டும். திட்டுவதற்கு விஷயப் பஞ்சமே இல்லை. கடைசி வளைவு தாண்டிய பிறகுதான் வாயை மூடிக்கொண்டு, கனமான கியருக்கு மாறி, மிச்சமிருந்த பலத்தையெல்லாம் இறக்குவேன்.

பிறகு வந்த ஒரு ஞாயிறு, அடிவாரத்தில் எல்லாரும் என்னை விட்டுப் பறந்தார்கள். போகட்டும் என்று விட்டேன். பாதி மேட்டில் இருவரைத் தாண்டினேன், அப்புறம் மற்றவர்களை. கடைசி வளைவில் அவன் எழுந்து நின்று தள்ளாடி மிதித்துக்கொண்டிருந்தான். தாண்டும்போது அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, அப்பட்டமான சந்தோஷம்.

கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தே சொன்னேன். ஒவ்வொருவராக வந்தார்கள். என்னைத் துரத்தப் பார்த்ததில் அவனுக்குக் கால் பிடித்துக்கொண்டதாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வந்தான்.

யாரும் எழவில்லை. ஒருவன் நாற்காலி கொடுத்தான், ஒருவன் தண்ணீர் நீட்டினான், இன்னொருவன் குனிந்து அவன் காலை நீவிவிட்டான். வெயில் ஏறுகிறதே, கிளம்பலாமா என்று கேட்டேன். தண்ணீர் கொடுத்தவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

“பாவம்லா அக்கா. கொஞ்சம் மூச்சு விடட்டும்.”

இத்தனை ஞாயிறுகளில் அந்தப் ‘பாவம்’ ஒருவன் வாயிலும் எனக்காக வந்ததில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கினேன். அதற்குப் பிறகு நான் அவர்களோடு போகவில்லை.