பூசாத சுவரின் நிறம்

துபாய்ப் பணக்காரர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது. வழவழவென்று பூசிய சுவரைக் காட்டி, பூசாத செங்கல் சுவர் மாதிரி ஆக்கித் தரச் சொல்கிறார்கள். அந்தச் செங்கல் நிறத்துக்கு டெரகோட்டா என்று பெயர். நான் பெயிண்ட் ஃபோர்மேன். ஜுமைராவில் ஒரு வில்லா வேலை. லண்டனிலிருந்து வந்த டிசைனர் அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்து, "என்ன இதமான நிறம்! உங்கள் ஊர் வீடுகளெல்லாம் இப்படித்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஆமாம் மேடம். அதை மறைக்கத்தான் இங்கே வந்து உழைக்கிறோம்" என்றேன். ஏதோ கவிதை சொல்லிவிட்டதாக நினைத்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இவர்களிடம் வாயைக் கொடுப்பதே வீண்.

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம், பூச்சுக்கு வக்கில்லாத வீடு. வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபராளியின் வீடென்றால் கிளிப்பச்சையிலோ ரோஸிலோ கண்ணைக் குத்த வேண்டும். ரசனை கிலோ என்ன விலை என்று கேட்கிற ஊர். போன வருடம், 2005இல், லீவில் போயிருந்தபோது தங்கை ஜரீனாவுக்கு அரியலூரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெண் பார்க்க வருவதற்குள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது என் பொறுப்பு. வீடென்றால் என்னவென்று இந்தக் கிளிப்பச்சைக் கூட்டத்துக்குக் காட்டுகிறேன் என்று, பெரம்பலூரில் டின் டின்னாக வாங்கிவந்து கலந்து, முகப்பு முழுக்க டெரகோட்டா அடித்தேன்.

அம்மா தெருவில் நின்று பார்த்தார். "ஏன்டா, பூசுன செவத்தப் பூசாத செவரா ஆக்கிட்டியே" என்றார். நான் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் மாமா அரியலூரில் சிமெண்டு வியாபாரி. பெண் பார்க்க வந்த அன்று வாசலிலேயே நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். டீ குடித்துவிட்டு என் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, கூச்சப்படாதீங்க. துபாய்ல வேல சரியில்ல போலருக்கு. நம்ம கடையிலேருந்து சிமெண்டு அனுப்பிச்சு வுடுறேன். பூச்சு வேலய முடிங்க, அப்பறம் பேசிக்கலாம்."

"இது டிசைனுங்க."

"சரிங்க தம்பி, சரிங்க" என்றார், காய்ச்சல்காரனிடம் பேசுவதுபோல. சிமெண்டிலேயே புரண்டு வளர்ந்த மனிதருக்குப் பூச்சு எது, பெயிண்ட் எது என்று தெரியவில்லை. விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம். அடுத்தவன் இல்லாமையைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்கிற பெருந்தன்மை போலும்!

அதன் பிறகு அவர்களிடமிருந்து பேச்சில்லை. ஜரீனா அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள். "அண்ணே, ஒங்க ரசனைய துபாய்லயே வச்சுக்கங்க. எனக்கு இந்த எடந்தான் வேணும்." எனக்கு வெட்கமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. லீவு முடிந்து நான் விமானம் ஏறியதுமே அம்மா கிளிப்பச்சை அடித்து, ஜன்னல் ஓரங்களுக்கு ரோஸும் கொடுத்துவிட்டார். மாமா மறுபடி வந்து பார்த்து, "இப்பத்தான் வூடு வூடாட்டம் இருக்கு" என்று நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாராம். பச்சைப் பெயிண்டில் நிச்சயமாகிற சம்பந்தம்!

நிக்காஹ்வுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஜுமைரா வில்லாவை முடித்தாக வேண்டும். நிக்காஹ் நாளன்று டிசைனர் அம்மாள் ஏதோ பத்திரிகைக்குப் படமெடுக்க ஆள் கூட்டி வந்திருந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சுவர் மட்டும் போதும்" என்றாள். தூரிகையோடு தள்ளி நின்றேன்.

ஊரிலிருந்து வந்தவரிடம் அம்மா கல்யாணப் போட்டோ கொடுத்தனுப்பினார். கிளிப்பச்சைச் சுவருக்கு முன்னால் ஜரீனா பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை, அவருக்கு அடுத்து சிமெண்டு மாமா, அந்தச் சுவரே தன் தயவில் எழும்பியதுபோல. அதையும் பத்திரிகையில் வந்த படத்தையும் என் கட்டிலருகே ஒட்டியிருக்கிறேன். ஒன்றில் நான் அடித்த நிறம் பச்சைக்கு அடியில் இருக்கிறது, மற்றதில் பளிச்சென்று தெரிகிறது. நான்தான் இரண்டிலும் இல்லை.