ஆணியில் தொங்கிய பார்டர்

நேற்று வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது எஸ்.எஸ்.டி. டிஸ்க் மாட்டினேன். பிஸ்கெட் அளவுதான், எடையே இல்லை. பழக்க தோஷம், காதை வைத்துக் கேட்டேன். சத்தமே காணோம். பழைய ஹார்ட் டிஸ்க் அப்படியா? கர்ரக் கர்ரக்கென்று கிடந்து உழைக்கும். சூடேறினால் தூசி கருகும் வாசனை வேறு. எனக்கு அது பிடிக்கும், சிரிக்காதீர்கள்.

அந்த வாசனை எனக்கு ஆரணி வாசனை. ஜக்கார்டு தறிக்குப் புடவை டிசைன் போட்டுத் தரும் கடையில்தான் என் முதல் வேலை. நாற்பது ஜிபி டிஸ்க். அடுத்து எண்பது, அதற்கடுத்து நூற்றறுபது என்று காலண்டர் தாளின் பின்னால் திட்டம் போட்டு வைத்திருந்தேன். எண்பது வந்தால் ஆயுசுக்கும் நிறையாது என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னேன். ஒன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை.

டிசைன் முடிந்ததும் பட்டு வியாபாரிகள் கூடவே உட்கார்ந்து, கண்ணெதிரே ஃபைலை அழிக்கச் சொல்வார்கள். அடுத்த கடைக்காரர் கையில் சிக்கிவிட்டால்? மாணிக்கம் அண்ணன் இன்னும் மோசம். “குப்பத்தொட்டியயும் காலி பண்ணுப்பா” என்று திரையைத் தொட்டுக் காட்டுவார். அவர் கொண்டுவந்தது, அவர் மனைவி கோலநோட்டில் வரைந்த பார்டர். மாங்காய்க்குள் குட்டிக் கிளி, வால் கொஞ்சம் கோணல். அதையும் அழித்தேன்.

எண்பது வந்ததும், திரையில் தெரிந்ததை மட்டும் அதற்கு மாற்றிவிட்டு, பழைய நாற்பதை ஆசைக்குப் பிரித்தேன். உள்ளே பளபளவென்று வட்டத் தட்டு. நடு ஓட்டையில் ஆணி அடித்துச் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்துத்தான் தலை வாருவேன். அப்போது முடி இருந்தது.

நான்கு வருஷம் கழித்து அண்ணன் வந்தார். மனைவி தவறிவிட்டார். மகளின் முகூர்த்தப் புடவைக்கு அந்த பார்டர்தான் வேண்டுமாம்.

“பொடவ எல்லாம் வித்துப் போச்சு. டிசைன் குத்தின தறி அட்டைய எலி தின்னுடுச்சி. நோட்டையும் தேடிகினே இருக்கேன், கெடைக்கல. எங்கனா ஒரு மூலைல இருக்கும், பாரேன்பா.”

“நீங்கதானண்ணா அழிக்கச் சொன்னீங்க?”

“நான் சொன்னா நீ கேட்டுடறதா?”

வேலூரில் டிஸ்க் ரிப்பேர் செய்பவருக்கு போன் போட்டேன். “அழிச்சாலும் உள்ளதாங்க கெடக்கும். எடுத்துடலாம். டிஸ்க்க மட்டும் தொறந்துடாதீங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அந்தத் தட்டின் முன்னால் நின்று, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இல்லண்ணா” என்றேன். அதற்குமேல் சொல்லத் தைரியம் வரவில்லை. ஞாபகத்தில் இருந்ததை வைத்து வரைந்து கொடுத்தேன். கோணலாகத்தான் போட்டேன், ஆனாலும் அந்தக் கோணல் வரவில்லை. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “அவ கிளி இப்டி இருக்காதுப்பா” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடை இப்போது இல்லை, அண்ணனும் இல்லை. புது டிஸ்க்கில் அழித்தால் அழித்ததுதான் என்கிறார்கள். அந்தத் தட்டு மட்டும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதில் தலை வாருவதை அன்றோடு விட்டுவிட்டேன்.