அடியில் நாலு வரி

முப்பத்து மூன்று வருஷம் காவல் நிலையத்தில் தினக் குறிப்பேடு எழுதியவரை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பட்டம் போகவில்லை. கையெழுத்தா அது? கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! கை சுத்தம் என்ற பெயரும் கூடவே இருந்தது; ஓசிக் காபிகூடக் குடிக்காத மனுஷன். பள்ளிக்கூட ஆசிரியையான மகளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

அவரைத்தான் ஒரு டிவி தொடருக்கு யோசனை சொல்ல அழைத்தார்கள். லஞ்சம் வாங்கும் இன்ஸ்பெக்டர், லாக்கப்பில் ஒரு கொலை, அதை மூடி மறைக்கும் கதை. ஒத்திகையில் இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கிழித்ததும் ரைட்டருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி, கூத்தா இருக்கு! பக்கத்துக்குப் பக்கம் நம்பர் இருக்கு. கிழிச்சா அன்னிக்கே மாட்டிக்குவான்."

"அப்ப எப்படித்தான் சார் மாத்துவாங்க?" என்றார் இயக்குநர்.

"தினமும் பக்கத்தோட அடியில நாலு வரி சும்மா விட்டு வைக்கணும். பின்னாடி தேவையானதை அங்க நுழைச்சுக்கலாம். ஒரு பய கண்டுபிடிக்க முடியாது."

இயக்குநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடிகரின் எழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் ரைட்டரின் கையையே நெருக்கத்தில் படம் பிடித்தார்கள். என்ன எழுதுவது என்பதையும் அவரே சொன்னார். பாராட்டு ஆளை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, பாருங்கள்.

ஞாயிறு மாலை அந்தக் காட்சி வந்தது. மகள் திருத்த வேண்டிய நோட்டுகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அய்யோ, அப்பா, உங்க கை!"

திரையில் அந்தக் கை அடியிலிருந்த காலி வரிகளில் எழுதியது: 'மேற்படி நபர் மாலை ஆறு மணிக்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.'

மகளின் சிரிப்பு நின்றது. மடியிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அடியில் நாலு வரி காலி. அடுத்த நோட்டிலும் அப்படியே. சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்தது: 'அடியில நாலு வரி விடும்மா, பின்னாடி உதவும்.' வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கும் அவள் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

"அப்பா, இது கதைதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்திருப்பார். ஆனால் மகளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பொய்யெல்லாம் ஸ்டேஷனோடு சரி.

"மத்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம்மா. இந்த மாதிரி ஒரே ஒரு தடவைதான். இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னாரு. லாக்கப்புல செத்த பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது."

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. டிவியை அணைத்துவிட்டு, புது நோட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"அவன் பேரு ஞாபகம் இருக்கா?"

"மறக்கிற பேரா?"

"நடந்ததை எழுதுங்க."

எழுதினார். பெயர், தேதி, யார் அடித்தார்கள், எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, எல்லாம் அதே முத்து முத்தான எழுத்தில். நாலு வரி மிச்சம் இருக்கையில் பழக்க தோஷத்தில் தாளைப் புரட்டப் போனார். மகள் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க, பொய்யை எழுதினது யாருன்னு எழுதுங்க."

ரைட்டர் தன் பெயரை எழுதினார். கோழிக் கிறுக்கலாக இருந்தது.