காபி குடிக்க வந்த பச்சைப் பல்லி

எங்கள் வீட்டுப் பச்சைப் பல்லிக்குக் காபி என்றால் உயிர். டீயும் குடிக்கும், ஆனால் காபி இருந்தால் டீ பக்கம் திரும்பாது. சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். குடித்து வைத்த டம்ளரின் விளிம்பில் தலைகீழாகத் தொங்கி, அடியில் தேங்கிய சொட்டை நாக்கை நீட்டி நீட்டி நக்கும். முதுகு வாழைக் குருத்தின் பச்சை, அதில் சிவப்புக் கோடுகள், வால் பக்கம் போகப் போக நீலம். மெயின்லாந்திலிருந்து வருகிற உறவுக்காரர்கள் முதல் தடவை பார்க்கும்போது, "என்ன மச்சான், பல்லிக்கு யாரு பெயின்ட் அடிச்சது?" என்று தவறாமல் கேட்பார்கள். இந்தத் தீவுகளில் மட்டும் இருக்கிற ஜாதி இது. பகலில்தான் நடமாடும். பூவில் தேன் குடிக்கும், பப்பாளி தின்னும், என் வீட்டில் காபியும் குடிக்கும்.

எனக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், கப்பல் ஏறும் துறையில், டிக்கெட் கவுண்டரில் வேலை. கப்பல் ஃபுல், சீட் இல்லை, காற்று குறைந்தால்தான் போட் கிளம்பும் என்று தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றிச் சொல்கிற வேலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற யாரும் என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை. எனக்கும் கோபம் சட்டென்று வரும். அதனால்தான் தினமும் டியூட்டிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் கேமராவோடு தோட்டத்தில் நிற்கிறேன். அங்கே வருகிற எதுவும் என்னிடம் சீட் கேட்பதில்லை.

தோட்டம் என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். ஷாதிபூரில் மேட்டு மேல் வீடு. பின்னால் சரிவில் ஒரு கொய்யா, இரண்டு பப்பாளி, நாலைந்து வாழை, வராந்தாத் தூணைச் சுற்றி ஒரு மல்லிகைக் கொடி. அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஒரு தேன்சிட்டு துணி காயப்போடும் கயிற்றில் கூடு கட்டி, குஞ்சு பறக்கும்வரை எங்களை அந்தக் கயிற்றில் துணி போடவிடவில்லை. கிளிகள் கூட்டமாக வந்து கொய்யாவைப் பாதி தின்றுவிட்டுப் பாதியைக் கீழே போடும். "தின்னா முழுசாத் தின்னுங்களேன்!" என்று நான் கத்தினால் பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். மழைக்காலத்தில் ஒரு உடும்பு வரும். பட்டா அதன் பேரில் இருப்பதுபோல நிதானமாக நடந்து போகும். குழாயில் தண்ணீர் எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். தண்ணீர் வருகிற நாள் எது என்று எங்களுக்கு முன்னால் கொண்டைக்குருவிகளுக்குத் தெரிந்திருக்கும். வாளி நிரம்பி வழியும்போது குளிக்கத் தயாராக வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

கேமரா பழையது. மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடம் வாங்கினேன். இங்கே அப்படித்தான், ஊருக்குப் போகிறவர்கள் கட்டில், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றையும் இருக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் பாதிச் சாமான் இப்படி வந்ததுதான். வண்டூர் பக்கம் போனால் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு பறவையைத் துரத்துகிறவர்களைப் பார்க்கலாம். எனக்கு அது ஒத்துவராது. வீடு தேடி வருகிறவர்களை மட்டும்தான் நான் எடுப்பேன். எடுத்த எதையும் அழிக்க மனசு வராது. இத்தனை வருஷப் படங்களும் ஒரே கார்டில்தான் கிடக்கின்றன.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் காலேஜ் படித்தாள். கூடப் படித்த பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். போனில் பேசிப் பார்த்தேன். மரியாதை தெரிந்தவன், நல்ல வேலை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பதே எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. சிக்கல் அவனுடைய அம்மா. "கடலுக்கு நடுவுல வளர்ந்த பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?" என்று கேட்டாராம். அம்மா சம்மதிக்காமல் அவன் தாலி கட்ட மாட்டான். அப்படிக் கட்டச் சொல்லி என் மகளும் கேட்க மாட்டாள். நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று கடைசியில் அந்த அம்மா கிளம்பி வந்தார், கணவரோடும் மகனோடும். அந்த ஒரு சாயங்காலத்தில்தான் எல்லாம் இருந்தது. என் மகள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் அந்தச் சனியனைத் தொடாதீங்க" என்றாள் என் மனைவி. கேமராவைத்தான் சொன்னாள். நானும் தொடவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். இங்கே அப்போதே வெயில் சாய ஆரம்பித்துவிடும். வந்தவர்களை வராந்தாவில் உட்கார வைத்தோம். பையனின் அம்மா அரக்குப் பட்டு கட்டியிருந்தார். என் மனைவி குங்குமம் கொடுத்து, காலையில் எங்கள் கொடியில் பறித்துக் கட்டிய மல்லிகையை அவர் தலையில் வைத்துவிட்டாள். மொட்டுகள் விரிய ஆரம்பித்திருந்தன. அந்த அம்மா மல்லிகைத் தூணை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"சார், காய்கறி எல்லாம் கப்பல்லதான் வரணுமாமே?"

"கொஞ்சம் இங்கயும் விளையுது."

"பாம்பு இருக்குமோ?"

"எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்."

கவுண்டரில் பேசுகிற குரல் எனக்கே கேட்டது. என் மனைவி காலால் என் காலை மிதித்தாள்.

மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பக்கத்தில் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தார். கொடிக்குள்ளிருந்து ஒரு பச்சைத் தலை வெளியே வந்தது. புத்தியுள்ள எவனும் எழுந்துபோய் அந்த டம்ளரை எடுத்திருப்பான். நான் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தேன்.

பல்லி டம்ளரின் விளிம்புக்கு வந்துவிட்டது. "அம்மா, டம்ளர்ல..." என்று பையன் சொன்னதும் அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். பல்லி ஒரே தாவலாகத் தாவி அவர் மேல் உட்கார்ந்தது. அரக்குப் பட்டின் மேல் அந்தப் பச்சை, சாய்ந்த வெயில், பக்கத்தில் வெள்ளை மல்லிகை. பத்து வருஷம் காத்திருந்தாலும் கிடைக்காத படம்.

"அசையாதீங்க!" என்று நான் கத்தினேன்.

பாவம், அவர் பயந்துபோய் அப்படியே கல்லாக உட்கார்ந்துவிட்டார். துண்டு எங்கே விழுந்தது, கேமரா எப்படிக் கைக்கு வந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆறோ ஏழோ எடுத்துவிட்டேன். "அப்பா! க்யா கர் ரஹே ஹோ!" என்ன பண்றீங்க என்று மகள் அலறினாள். கோபம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஹிந்திதான். அந்த அலறலில் பல்லி தூணுக்குத் தாவிக் கொடிக்குள் போய்விட்டது.

பையனின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க விழுந்துச்சு? தலையிலயா, தோள்லயா?"

தமிழர் வீட்டில் இந்தக் கேள்வி வந்துவிட்டால் அடுத்து காலண்டர் வந்தாக வேண்டும். மதுரையிலிருந்து வருஷா வருஷம் யாராவது கையில் கொடுத்தனுப்புகிற தினசரிக் காலண்டரை என் மனைவி ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் பல்லி விழும் பலன் பொடி எழுத்தில் இருந்தது. தலைக்குப் போட்டிருந்ததைப் பெண் பார்க்க வந்த இடத்தில் வாய்விட்டுப் படிக்க முடியாது. தோளுக்கு நல்லதாகத்தான் போட்டிருந்தது. தோள்தான் என்றாள் என் மனைவி. தலைதான், நான் கண்ணால் பார்த்தேன் என்றார் பையனின் அப்பா. "அது விழலப்பா, குதிச்சுது" என்று பையன் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பல்லி உள்ளூர்ப் பல்லி, மதுரைக் காலண்டருக்குக் கட்டுப்பட்டதில்லை என்று எனக்கும் சொல்லத் தோன்றியது. மகள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். என் கிறுக்கால் என் பிள்ளையின் கல்யாணம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"அதான் சார் போட்டோ பிடிச்சாரே. குடுங்க, அதுலயே பாத்துருவோம்" என்றார் அந்த அம்மா.

கேமராவைக் கொடுத்தேன். பின்னங்கால்களும் வாலும் தோளில், முன்னங்கால்கள் கொண்டையில். கழுத்தை நீட்டி, நாக்கைப் பாதி விரிந்த மல்லிகைக்குள் விட்டிருந்தது. இதற்குக் காலண்டரில் ஒன்றும் போடவில்லை.

"பூவையா நக்குது?"

"தேன் குடிக்குது ஆன்ட்டி" என்றாள் என் மகள். "நம்ம கொடியில தினமும் குடிக்கும். அதே பூவுதான்னு கண்டுபிடிச்சிருச்சு."

அந்த அம்மா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரல் பட்டு முந்தைய படம் வந்தது. அதற்கு முந்தையது. நிறுத்தவில்லை. மகன் குனிந்து, பட்டனை அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும் என்று காட்டிக்கொடுத்தான். கிளி, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, உடும்பு என்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது யாரு கை?"

எட்டிப் பார்த்தேன். தேன்சிட்டுக் கூட்டின் படம். ஓரத்தில் ஒரு கை எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து, கூட்டின் வாயில் வெளிச்சம் விழச் செய்துகொண்டிருந்தது. அடுத்ததில் அதே கை தூறலில் கேமராவுக்குக் குடை பிடித்தது. அடுத்ததில் பப்பாளித் துண்டை நீட்டிக்கொண்டிருந்தது, துண்டின் மேல் பச்சைப் பல்லி. அந்த அம்மா பின்னால் பின்னால் போகப் போக, கை சின்னதாகிக்கொண்டே வந்தது. வளையல் போய் வாட்ச் வந்தது. வாட்ச் போய் விரலில் இங்க் கறை வந்தது. கடைசியில் ஒரு படத்தில், பட்டாம்பூச்சிக்குப் பக்கத்தில், பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை, மருதாணி வைத்தது.

"எம் பொண்ணு கைதாங்க" என்றேன்.

"எம்புட்டு நேரம்மா இப்படிப் பிடிச்சுக்கிட்டு நிப்ப?"

"அது வர்ற வரைக்கும் ஆன்ட்டி."

"கை வலிக்காதா?"

"வலிக்கும். சொன்னா அப்பா திட்டுவாரு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். காலண்டரை வாங்கி அவரே கவிழ்த்து வைத்தார். "எங்க வீட்ல ஒருத்தருக்கும் பொறுமை கிடையாதுண்ணே. எனக்குந்தான். இப்படி ஒரு பிள்ளை வந்தா நல்லதுதான்" என்றார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர் அண்ணே என்றதை என் மனைவிதான் முதலில் பிடித்தாள். உள்ளே போய் மறுபடி காபி போட்டுக்கொண்டு வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிளம்பும்போது அந்த அம்மா, "பிள்ளை முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே. ஊர்ல எங்க அக்கா, தங்கச்சியெல்லாம் கேப்பாங்க" என்றார்.

"இப்பவே தர்றேன்" என்று கேமராவை வாங்கித் தேட ஆரம்பித்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு அவர்கள் நின்றார்கள். நான் தேடிக்கொண்டே இருந்தேன். பல்லிக்கு நூறு முகம் இருந்தது, கிளிக்கு ஆயிரம் இருந்தது. "இருந்தாத்தானே கிடைக்கும்" என்று என் மனைவி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவள் போனிலிருந்து நாலு படம் போனது. என்னிடமிருந்து ஒன்றும் போகவில்லை.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் மகளைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தோடு, அவிழ்ந்த தலையோடு வந்தாள். "தட்டு எடுத்துட்டு வரவாப்பா?" என்றாள்.

"வேண்டாம். அந்தக் கொய்யா பக்கத்துல நில்லு."

நின்றாள். கிளையை அண்ணாந்து பார்த்தாள், இலைக்கு அடியில் பார்த்தாள், தரையில் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னப்பா வந்திருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வரல. உன்னைத்தான் எடுக்கறேன்."

கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினாள், பின்னால் கட்டினாள்.

"எங்க பாக்கணும்?"

"என்னைப் பாரு."

பார்த்தாள். ஃபோகஸ் போய்ப் போய் வந்தது. மறுபடி முயன்றேன்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "உங்க கை ஆடுது."