கந்தசாமியின் வெள்ளை ஐஸ்

ஆரணியில் பட்டுக்கு அடுத்தபடியாகப் பேர் சொல்லும்படி ஒன்று உண்டென்றால் அது தன் கையால் போட்ட ஐஸ்தான் என்பது துரைக்கண்ணு மேஸ்திரியின் சொந்த அபிப்பிராயம். ஊர் அப்படி எங்கேயும் சொன்னதில்லை. ஆனாலும் முப்பத்திரண்டு வருஷம் ஒரே ஐஸ் கம்பெனியில் இருந்து, நடுவில் வெள்ளை விழுந்த ஐஸ் பார் ஒன்றைக்கூட வெளியே அனுப்பாத மனிதர் அந்த அளவுக்காவது தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதில் தப்பில்லை.

பிறந்தது சந்தவாசல் பக்கம் ஒரு சின்ன ஊர். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலிக்குப் போனவர்கள். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்து ஐஸ் கம்பெனியில் பார் தூக்கச் சேர்ந்தபோது, அக்னி வெயிலில்கூடக் குளுகுளுவென்று வேலை என்று சொந்தக்காரர்கள் வயிறெரிந்தார்கள். விரல் மரத்துப்போய், சோற்றைப் பிசைந்தால் சூடு தெரியாது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

ஐஸ் போடுவது தண்ணீரை உறைய வைக்கும் வேலை மட்டும் என்று நினைப்பவர்களிடம் மேஸ்திரிக்குப் பேச்சே கிடையாது. தண்ணீர் ஊற்றிய தகர டின்களை உறைகுளிரில் இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். ஐஸ் நாலு ஓரத்திலிருந்தும் உறைந்து நடுவை நோக்கி வரும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் அழுக்கும் ஓடி ஓடி நடுவில் போய் ஒடுங்கும். அப்படியே விட்டால் பாரின் வயிற்றில் பஞ்சு அடைத்ததுபோல் வெள்ளையாக நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு டின்னிலும் ஒரு மெல்லிய குழாயை விட்டுக் காற்றடித்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் நடுவில் மிஞ்சும் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். மேஸ்திரி போட்ட பாருக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் தலைப்புச் செய்தியைப் படிக்கலாம். முகூர்த்த நாட்களில் பட்டெடுக்க வரும் கூட்டம் கடைத்தெருவில் குடிக்கிற ரோஸ்மில்க்கில் மிதப்பதெல்லாம் அவர் ஐஸ்தான்.

போளூர் ரோட்டில் இருக்கும் கந்தசாமியின் கம்பெனியில் இந்தக் குழாய் கிழாய் எதுவும் கிடையாது. தறி வைத்திருந்த குடும்பத்துக்காரர், இருபது வருஷத்துக்கு முன் ஐஸில் இறங்கியவர். மீனுக்குப் போடுகிற ஐஸுக்கு அழகு எதற்கு என்பது அவர் கட்சி. துரைக்கண்ணு அந்த ஐஸுக்குப் ‘பஞ்சு மூட்டை’ என்று பெயர் வைத்து, டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். அது கந்தசாமி காதுக்குப் போனது. அன்றிலிருந்து இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் வண்டியைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட துரைக்கண்ணுவின் ஒரே மகள் அகல்யா, பௌதிகம் படித்து, கோவாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை என்றால், அண்டார்டிகாவிலிருந்து வெட்டிக் கொண்டுவரும் ஐஸைப் பரிசோதிக்கிற வேலை. மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை தூரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மைனஸ் இருபது டிகிரியில் பூட்டி வைக்கிறார்கள் என்றால் அது உலகத்திலேயே தெளிவான ஐஸாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மகள் போனில் இரண்டு மூன்று தடவை விவரம் சொன்னாள். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, “சரிம்மா, சாப்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டார்.

போன பிப்ரவரியில், அறிவியல் தினத்துக்கு வந்து பேசும்படி அகல்யா படித்த பெண்கள் பள்ளியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“ப்பா, ஸ்கூல்ல புள்ளைங்களுக்குக் காட்ட ஒரு பார் ஐஸ் வேணும். நான் காட்பாடியில எறங்கி நேரா அங்கதான் வரேன். நீ கொண்டாந்துடறியா?”

“ஒண்ணு இன்னாம்மா, பத்து கொண்டாறேன்.” எப்படிப்பட்ட ஐஸ் என்று அவள் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் மெனக்கெட்டார். முதலாளியிடம் சொல்லிவிட்டு, தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றினார். ஒரு குழாய்க்கு இரண்டு குழாய் விட்டார். நடுத்தண்ணீரை மூன்று முறை மாற்றினார். வீட்டில் மனைவி முனியம்மா, “நம்ம கண்ணாலத்துக்குக்கூட நீ இவ்ளோ மெனக்கெடலயே” என்று வாரினாள். மேஸ்திரிக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பள்ளி மைதானத்தில் வேப்பமர நிழலில் முந்நூறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். லோடு ஆட்டோவிலிருந்து பாரை இறக்கிச் சாக்கை விலக்கியதும், தலைமையாசிரியை சுபலட்சுமி, “அடேயப்பா, கண்ணாடியாட்டம் இருக்குதுங்களே!” என்றார். மேஸ்திரி கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். மகளின் முகம் மட்டும் பாரைப் பார்த்ததும் சற்று வாடியதை அவர் கவனித்தார். ரயில் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அகல்யா மைக்கைப் பிடித்தாள். “அண்டார்டிகாவில பனி விழும், அது மேல பனி விழும், கரையவே கரையாது. மேல இருக்கற பாரம் அழுத்தி அழுத்தி, அடியில இருக்கற பனி ஐஸாயிடும். அப்போ பனித்துகளுக்கு நடுவுல இருந்த காத்து தப்பிக்க வழியில்லாம குமிழியா மாட்டிக்கும். எட்டு லட்சம் வருஷத்துக் காத்து அப்படி மாட்டிகினு இருக்கு. எங்க லேப்ல அந்தக் குமிழியை உடைச்சு, அந்தக் காலத்துக் காத்துல என்னென்ன இருந்ததுன்னு அளக்கறோம். எங்களுக்கு ஐஸ் முக்கியமில்ல. உள்ள இருக்கற காத்துதான் சொத்து.”

துரைக்கண்ணு தன் பாரைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷமாக அவர் விரட்டியடித்ததே அந்தக் காற்றைத்தான்.

மேஜைமேல் ஒரு கண்ணாடித் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தது. அதற்குள் கவிழ்த்த புனல், புனலின் மேல் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக நிறுத்திய சோதனைக் குழாய். புனலுக்கு அடியில் ஐஸைப் போட்டால், கரையக் கரையக் குமிழி கிளம்பி மேலே போய்க் குழாயின் உச்சியில் காற்றாகச் சேர வேண்டும். அகல்யா அப்பாவின் ஐஸை உடைத்து ஒரு துண்டு போட்டாள். பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். ஐஸ் அழகாகக் கரைந்து முடிந்தது. ஒரு குமிழி வரவில்லை. இன்னொரு துண்டு போட்டாள். அதுவும் அப்படியே ஆனது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அகல்யா சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அவள் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அழுகை வருவதற்கு முன் அப்படித்தான் சிவக்கும். அவள் படித்த பள்ளியில், முந்நூறு பிள்ளைகள் முன்னால், தன் ஐஸால் மகள் தலைகுனிந்து நிற்கிறாள் என்று நினைத்தபோது மேஸ்திரிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜில் ஐஸ் இருக்கிறதா என்று ஓடிப்போய்க் கேட்டார். அந்த ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டு என்றைக்கோ உடைந்து, அதில் டீச்சர்களின் சாம்பார்ப்பொடி டப்பாதான் இருந்தது.

“அர மணி நேரம் பேசிகினு இரும்மா, தோ வந்துட்டேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு லோடு ஆட்டோவைக் கிளப்பினார். எங்கே போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் வேதனை.

கந்தசாமி தன் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியது யாரென்று பார்த்ததும் எழுந்தே விட்டார்.

“இன்னா மேஸ்திரி, வழி கிழி தவறிப்போச்சா?”

“இல்லணா. ஒரு பார் வேணும். ஜல்தியா வேணும்.”

“உங்க ஐஸ் இன்னா ஆச்சு?”

“என் ஐஸு ஒதவல. எம்பொண்ணு ஸ்கூல்ல புள்ளைங்களுக்குக் காத்துக் குமிழி காட்டணும். உன்னோடதுலதான்ணா குமிழி கீது. இருக்கறதுலயே வெள்ளையா ஒண்ணு குடு.”

கந்தசாமி அவரையே பார்த்தார். இருபது வருஷத்து வெஞ்சினத்தைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

“அது பஞ்சு மூட்டையாச்சே மேஸ்திரி.”

“சொன்னன்ணா. தப்புதான். மனசுல வெச்சுக்காத.”

கந்தசாமி முகம் மெல்ல இளகியது. உள்ளே திரும்பி, “அந்த மூலையில இருக்கறதுல நல்லா வெள்ளையடிச்சு பேஜாரா இருக்கற பாரா எடுத்து வைங்கடா!” என்று குரல் கொடுத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, “நானும் வரேன். எங்க ஐஸ வெச்சு இன்னாதான் பண்றாங்கன்னு பாக்கறேன்” என்று ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

இந்தத் தடவை, துண்டு தண்ணீரில் பட்ட கொஞ்ச நேரத்தில் முதல் குமிழி கிளம்பியது. அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியாதபடி சரம் சரமாக. குழாயின் உச்சியில் ஒரு விரல் அகலத்துக்குக் காற்று சேர்ந்ததும், பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“இது நம்மூர்த் தண்ணியில கரைஞ்சிருந்த காத்து. அண்டார்டிகா ஐஸ்ல மாட்டறது நேரா வானத்துக் காத்து. அது வேற விதம். ஆனா ரெண்டையும் வெளிய எடுத்தாதான் பேசும்” என்றாள் அகல்யா. “முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி பத்து லட்சம் பங்கு காத்துல கார்பன் டை ஆக்சைடு எரநூத்தி எண்பது பங்கு. இப்போ நானூத்தி இருபதுக்கும் மேல. இது எங்களுக்கு எப்படித் தெரியும்? குமிழி சொல்லுச்சு.” பிறகு மரத்தடியைக் காட்டி, “இந்த ஐஸைக் குடுத்தவர் அங்க நிக்கறார்” என்றாள். கந்தசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு கும்பிடு போட்டார். துரைக்கண்ணுதான் எல்லாருக்கும் முன்னால் கைதட்டினார். மனதார.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். மேஸ்திரி மெதுவாகக் கேட்டார்: “அப்ப என் ஐஸு ஒண்ணுத்துக்கும் ஆவாதாம்மா?”

“யார்ப்பா சொன்னது? அண்டார்டிகாவில ரொம்ப ஆழத்துக்குப் போனா, அழுத்தம் தாங்காம குமிழிங்க ஐஸுக்குள்ளயே கலந்துடும். வெட்டி எடுத்தா உன் ஐஸ் மாதிரியே தெளிவா இருக்கும். அதுதான் இருக்கறதுலயே பழசு. மொத தடவை அதைக் கையில வாங்கனப்போ எனக்கு உன் ஞாபகம்தான் வந்துது.”

மேஸ்திரி வண்டியை ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தார். கண் கலங்கியிருந்ததால் அப்படி இருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை தொட்டியில் டின்களை இறக்கியபோது, கடைசி வரிசையில் ஒரே ஒரு டின்னில் மட்டும் காற்றுக் குழாயை அவர் விடவில்லை. சாயந்தரம் ரவுண்டு வந்த முதலாளி அந்தப் பாரைப் பார்த்துத் திடுக்கிட்டார். நடு வயிறு பூராவும் வெள்ளை.

“இன்னா துரைக்கண்ணு, வெள்ளை விழுந்திருக்கு! குழா அடைச்சுகிச்சா?”

“இல்லைங்க, நானேதான் விட்டேன். அது விக்கறதுக்கு இல்லீங்க, உள்ள இன்னிக்குக் காத்து இருக்குது” என்றார் மேஸ்திரி. பாரைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் குளிர் அறையின் உள்மூலையில் வைத்து, சாக்கைப் போர்த்தி, மேலே சாக்பீஸால் அன்றைய தேதியை எழுதினார்.