பாலாடையில் எண்ணெய் குடித்த கார்

போன வாரம் மகளோடு திருச்சிக்குப் போய், கார் சர்வீஸ் செய்யும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி அறை, ஏசி, காகிதக் கோப்பையில் காபி என்ற பெயரில் ஏதோ ஒன்று. ஒரு பையன் காருக்குள் ஒயரைச் செருகினான், கையிலிருந்த கம்ப்யூட்டர் பலகையைப் பார்த்தான். "ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மியா இருக்கு சார்" என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒருவர் முகத்திலும் எண்ணெய் தெறிக்கவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. இதெல்லாம் ஒரு பரிசோதனையா?

ஐம்பதுகளின் தொடக்கம். சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் புதுக்கோட்டையில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, திருக்கோகர்ணத்தில் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். அத்தானுக்கு அரிசிக் கடை. பழைய சமஸ்தானத்து அதிகாரி ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற காரை அத்தான் வாங்கியிருந்தார். கார் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். எங்கள் தெருவில் அதைத் தள்ளாத ஆண்பிள்ளை கிடையாது. சாமி கும்பிட வந்த வெளியூர்க்காரர்கள்கூடத் தள்ளியிருக்கிறார்கள்.

அத்தானின் தங்கையைக் கந்தர்வக்கோட்டையில் ரெங்கசாமி என்ற முந்திரி வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அத்தான்தான், அவர் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சீரோடு வருகிற தாய்மாமனை ஊர் எல்லையில் மேளத்தோடு அழைத்துப் போவார்கள், ஊரே வேடிக்கை பார்க்கும். இந்த ரெங்கசாமிக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு கல்யாணப் பந்தியில் நாலு பேர் கேட்க, "சீரை மாட்டுவண்டியில கொண்டாந்துருங்க மச்சான். ஒங்க காரை நம்புனா, காது குத்துற வயசு போயி புள்ளைக்குக் கல்யாணமே வந்துரும்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அக்கா முறைத்தாள்.

அத்தான் பாயசத்தைத் தொடாமல் எழுந்தார். "காருலதான் வருவேன். பாத்துக்கங்க மாப்புள."

சொல்லிவிட்டார். கார் அல்லவா ஒப்புக்கொள்ள வேண்டும்? விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் அது இழுவையே இல்லாமல் முனக ஆரம்பித்தது. லாரி டிரைவர்களோடு டீ குடித்துச் சேர்த்த ஞானம் அத்தானிடம் நிறைய இருந்தது. பிளக்குகளைக் கழற்றினார். நான் ஒவ்வொரு ஓட்டையாகக் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும், அவர் காரின் முன்னால் நின்று எஞ்சினைச் சுழற்றும் கைப்பிடியைச் சுற்றுவார். உள்ளே காற்று அமுங்கினால் விரலைத் தள்ளிவிடும். அதற்கென்று ஒரு மீட்டர் இருக்கிறதாம். எங்கள் வீட்டு மீட்டர் என் கட்டைவிரல்தான்.

மூன்று ஓட்டைகள் விரலைப் புஸ்ஸென்று தள்ளின. ஒன்று மட்டும் பெருமூச்சு விட்டது.

"இதுல கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாப்போம். எண்ணெய் இடுக்கை அடைச்சு விரலைத் தள்ளுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு. அப்பவும் தள்ளலைன்னா வால்வு" என்றார் அத்தான். அக்கா விளக்கெண்ணெயும் குழம்புக் கரண்டியும் கொண்டுவந்தாள். அத்தானுக்குத் தாராளமான கை. கரண்டி நிறைய ஊற்றிவிட்டு ஒரு சுற்று சுற்றினார். அவ்வளவு எண்ணெயும் பீறிட்டு என் மூஞ்சியில் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கென்று சலவை செய்து வைத்திருந்த சட்டை. நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"புள்ளைக்கு ஊத்துற மாதிரி ஊத்துங்க" என்று அக்கா உள்ளே போய், கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்து வந்தாள். அதன் மூக்கு பிளக் ஓட்டைக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கொஞ்சமாக விட்டதும் விரலை நன்றாகவே தள்ளியது. ரிங்குதான்! அத்தான் குதித்தார். ரிங்கு மாற்ற ஒரு வாரம் ஆகுமே என்று கேட்டேன். குதிப்பது நின்றது.

பிறகு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மருந்துதான் வேலை செய்கிறதே, போகிற வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் என்ன?

அப்படித்தான் கிளம்பினோம். பின் சீட்டில் அக்கா, பட்டு, வளையல், பழத்தட்டு. என் மடியில் எண்ணெய்த் தூக்குச்சட்டியும் பாலாடையும். தெரு முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை. பேதிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தன. பெருங்களூரில் ஒரு முறை ஊட்டினோம், ஆதனக்கோட்டையில் ஒரு முறை. முந்திரிக் காட்டு ஓரத்தில் நின்று, தூக்கில் ஒட்டியிருந்ததையும் வழித்து ஊற்றினோம். கந்தர்வக்கோட்டை எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

எதிரே மேளம் வந்துகொண்டிருந்தது, ரெங்கசாமி முன்னால். அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டாள்.

ரெங்கசாமி பக்கத்தில் வந்து மோந்து பார்த்தார், என் மடியிலிருந்த பாலாடையைப் பார்த்தார். உதடு துடித்தது. போச்சு, ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பி மேளக்காரர்களைப் பார்த்து, "என்னய்யா, சாப்பிடலையா? காது கிழிய வாசிங்க!" என்று கத்தினார். பிறகு குனிந்து, "எறங்காதீங்க மச்சான். ஆரனை மட்டும் அமுக்கிக்கிட்டே வாங்க" என்றார். என்னைப் பார்த்து, "வாத்தியாரே, பின்னால வாங்க."

ஊர்வலம் நடை வேகத்தில்தானே போகும்? மேளச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் யாருக்குக் கேட்கும்? புதுப் பட்டு வேட்டியோடு அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தோள்கொடுத்துத் தள்ள, அத்தான் ஆரன் அடித்துக்கொண்டு மகாராஜா மாதிரி ஊருக்குள் போனார். அன்றைக்கு அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

அதன்பிறகு ரெங்கசாமி அத்தானின் தொந்தியை, வழுக்கையை, அரிசியிலிருக்கும் கல்லை எல்லாம் கிண்டல் செய்தார். காரைப் பற்றி மட்டும் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. கார் பழைய இரும்புக்குப் போயிற்று, அத்தானும் போய்விட்டார். போன மாதம் கந்தர்வக்கோட்டையில், அன்று அத்தான் மடியில் காது குத்திக்கொண்ட பெண்ணின் பேத்திக்குக் காதுகுத்து. மண்டப வாசலில் வரிசையாகக் கார்கள், எல்லாம் தானாகவே ஓடி வந்தவை. தாய்மாமன் ஓரமாக நிறுத்திவிட்டுத் தனியாக நடந்து உள்ளே வந்தான். அவனைக் கிண்டல் செய்ய அங்கே யாரும் இல்லை.