வேட்டு முந்திய நோன்பு

எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டுப் பெரிய ஆட்கள் யாரும் வந்ததில்லை. கீரப்பாளையத்திலிருந்து வயல்வெளி வழியே வரவேண்டிய தெரு. கொஞ்சம் முஸ்லிம் குடும்பங்கள், ஒரு பள்ளிவாசல், அதைத் தாண்டி ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். தலைவர்கள் கடலூரில் பேசுவார்கள், சிதம்பரத்தில் பேசுவார்கள். எங்களுக்கு ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் வந்து சேரும். அதுவும் காற்று எங்கள் பக்கம் அடித்தால்.

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தல் ரமலான் மாதத்தில் வந்தது. பகலெல்லாம் நோன்பு, கடை, வெயில். இதற்கு நடுவே கொடி கட்டவும் கோஷம் போடவும் யாருக்கும் தெம்பில்லை. ஆனாலும் அந்த வருஷம் எங்களுக்கு ஒரு தேவை இருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இறந்தவர்களை அடக்கும் எங்கள் மையவாடி. கோடையில் நடந்தே கடந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் மவுத்து நடந்தால் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். முந்தின மழையில் என் மாமியாரை அப்படித்தான் கொண்டுபோனோம். நடு வாய்க்காலில் ஒருவருக்குக் கால் வழுக்கி, சந்தூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றியிருந்த கபன் துணி நனைந்துபோனது. அதை என் மாமனார் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. சோற்றில் கை வைக்கும்போதும் சொல்வார்: "மாப்ள, என்னெ நனைச்சிடாதீங்க."

ஒரு சின்னப் பாலம். அதைத்தான் கேட்க நினைத்தோம்.

கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருந்த கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து சேதி சொன்னார்.

"பாய், தலைவர் கடலூர் கூட்டத்த முடிச்சிட்டு சிதம்பரம் போறார். நடுவுல நம்ம பக்கம் சுத்திக்கிட்டு வர்றார். உங்க தெருவுல ஜீப்பு நிக்கும். கேக்கறத நறுக்குனு கேட்டுக்கங்க."

மாமா முதல் ஆளாக எழுந்தார். "நீங்களே பேசுங்க மாப்ள. நான் வாயத் தொறந்தா அழுதுருவேன்."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். மளிகைச் சரக்கு எடுக்க சிதம்பரம் போய் வருவதால் நாலு பேரிடம் பேசிப் பழக்கம் உண்டு. தெருவும் நானே பேசட்டும் என்றது.

எங்கள் பள்ளிவாசலில் அப்போது கரண்டும் இல்லை, மைக்கும் இல்லை. வீடுகள் வயலோரம் சிதறிக் கிடப்பதால் பாங்குச் சத்தம் எல்லோருக்கும் எட்டாது. அதனால் பொழுது சாய்ந்து மஃரிபு வக்து ஆனதும் பாங்கு சொல்லும் மோதினார் கையைக் காட்ட, பள்ளித் தோட்டத்தில் வாணக்காரர் ஒரு வேட்டுப் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால் நோன்பு திறக்கலாம். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. வாணக்காரர் கீரப்பாளையத்து மனிதர். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான், கல்யாணத்துக்கும் அவர்தான். கட்சிக்கும் அவர்தான் என்பது எங்கள் யாருக்கும் தோன்றாமல் போனது.

அன்று மதியம் லுஹர் தொழுததிலிருந்து தெருமுனையில் நின்றோம். "கெளம்பிட்டார்" என்றார்கள். பிறகு "கடலூர்லயே கூட்டம் ஜாஸ்தி" என்றார்கள். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்தும் நின்றோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: ஐயா, செத்தவங்களுக்கு ஒரு பாலம் வேணும். இவ்வளவுதான். இதுவே களைப்பில் இரண்டு தரம் மறந்துபோனது.

பொழுது தோப்புக்குள் இறங்கியது. இனி வரமாட்டார் என்று எல்லோரும் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தோம். அப்போது வேட்டு வெடித்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீரையும் ஊற்றிக்கொண்டேன். விழுங்குவதற்குள் மோதினார் பள்ளிக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

"வக்து ஆவலெ! நாங் கைய காட்டவே இல்ல! யாரும் முழுங்காதீங்க!"

வெடித்தது தலைவரை வரவேற்கும் வேட்டு. ஜீப் தெருவுக்குள் வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூச்சல் போட்டார்கள். இந்தப் பக்கம் பாதிப் பேர் குடித்து முடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தலைவரே, இந்த பாய்தான் பேசுவார். சொல்லுங்க பாய், சொல்லுங்க!" என்றார் உரக்கடைக்காரர்.

மாலையும் கழுத்துமாகத் தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வாய் நிறையத் தண்ணீர். அதை விழுங்கினால் பேசலாம். ஆனால் வக்து ஆகவில்லை என்று காதால் கேட்ட பிறகு எப்படி விழுங்குவது? ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டுச் சுவருக்குப் பின்னால் ஓடினேன். துப்பினேன். பேரீச்சம்பழ நார் பல்லிடுக்கில் மாட்டியிருந்தது. அதையும் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஜீப்பின் அருகே மாமா நின்றிருந்தார். சொன்னபடியே அழுதுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை வரவில்லை. தலைவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அழாதீங்க பெரியவரே. உங்க அன்பு எனக்குப் புரியுது" என்றார். ஜீப் கிளம்பிவிட்டது. நான் கொஞ்ச தூரம் பின்னால் ஓடினேன். நாளெல்லாம் பட்டினி கிடந்த கால் எவ்வளவு ஓடும்?

சற்று நேரத்தில் மோதினார் கையைக் காட்ட, உண்மையான வேட்டு வெடித்தது. யாரும் உடனே டம்ளரைத் தொடவில்லை. ஒருவர் மோதினாரிடமே, "இது நம்மளுதா?" என்று கேட்டார்.

வாணக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "என்னா பாய் செய்யறது? ரெண்டு பேருக்கும் ஒரே சத்தந்தான் எங்கிட்ட இருக்கு. உங்களுக்குன்னு தனிச் சத்தத்துக்கு நான் எங்க போவேன்?"

என் மனைவியின் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பேசறதுக்குன்னு தெருவே சேந்து ஒரு ஆளெ நிறுத்துனோம் மச்சான். அவரு வாயில தண்ணியோட நின்னாரு."

"நீ முழுங்கிட்டியா?"

"ரெண்டு டம்ளர். பெருநாள் கழிச்சு இதுக்குப் பதிலா ஒரு நோன்பு களா புடிச்சிட்டுப் போறேன். நீங்களும் முழுங்கித் தொலைச்சிருக்கலாம்ல?"

வீட்டுக்குப் போனால் மனைவி கதவோரம் நின்றிருந்தாள். அவளும் அரை டம்ளர் குடித்துவிட்டாளாம். "நீங்க துப்புனது சரிதான்" என்றாள். "அத கொஞ்சம் வெரசா துப்பியிருக்கக் கூடாதா? எங்கத்தா பச்சப் புள்ள மாதிரி அழுதாரே." ஆறிப்போன கஞ்சியைக் குடித்தேன்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே மனுஷங்ககிட்ட கேக்கறதா இல்ல மாப்ள. தண்ணியில்லாத மாசத்துல என்னெ கூப்ட்டுக்கன்னு ரப்புகிட்டயே கேட்டுக்கறேன்."

"ஏன் மாமா இப்படிப் பேசுறீங்க?"

"வேற என்னாத்த பேச?"

நான் கீரப்பாளையம் போய் உரக்கடைக்காரரிடம் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். "அட, இவ்ளோதானா? பாத்துக்கலாம் பாய்" என்றார். அவர் கண் என்னைத் தாண்டி, வெளியே ஒட்டிக்கொண்டிருந்த சுவரொட்டியில் இருந்தது. தேர்தலன்று நோன்போடு வரிசையில் நின்று எல்லோரும் ஓட்டுப் போட்டோம். மாமாவும் வந்தார். மை வைத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

சித்திரையில் அவர் மவுத்தானார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. காலடியில் புழுதி பறந்தது. அவர் மேல் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்தான் அல்லாஹ். அவனைப் புகழ்ந்தேன். என் கண்தான் நனைந்தது. நாங்கள் கேட்ட பாலத்துக்கு அவர் காத்திருக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மோதினாரின் சம்சாரம் போய்ச் சேர்ந்தார். மழை விடவில்லை. நானும் என் மனைவியின் தம்பியும் சந்தூக்கின் முன்காலைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம்.